மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

ஜனவரி 3, புதன்

இந்த டைரி எனக்குன்னு வந்தது இல்ல. மூணு பேர் இருக்கிற ஆபீசுக்கு அச்சாபீஸ்காரங்க பழைய நினைப்புல நாலு டைரி குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆலாலசுந்தரம் சார் ஒண்ணை எடுத்துக்கிட்டாரு, டாக்டரம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மிச்சத்தைக் கையில வச்சுத் திருப்பிப் பாத்தாரு. "ஒண்ணு கூடுதலா வந்திருக்கு பஞ்சவர்ணம். நீயே வச்சுக்கோ, பால் கணக்கு எழுதலாம்"னு நீட்டுனாரு.

டைரி கூடுதல் இல்ல சார், ஆளுதான் குறைச்சல்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டேன். எனக்கு வந்ததை டீக்கடை மாரிக்குக் குடுத்துட்டேன். இதைத்தான் வச்சுக்கிட்டேன். இது ரேணுகாவோடது.

அஞ்சாப்பு படிச்சவ டைரி எழுதணும்னா ஒரு காரணம் வேணும்ல. இருக்கு. இந்த ஆலாலசுந்தரம் நாலு பேர் முன்னால தலை குனியணும். அது எந்தத் தேதின்னு இதுல எழுதணும். எழுதின அன்னிக்கே மூடிருவேன்.

ஜனவரி 5, வெள்ளி

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். மதுரையில ஒரு கட்டடம். நாலாவது மாடியில எங்க ஆபீஸ். அறிவியல் அகராதி போடுறாங்க. இங்கிலீசு வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல என்னன்னு. அஞ்சு தொகுதி முடிஞ்சு இப்ப கடைசித் தொகுதி, வி எழுத்துல நிக்குது.

நான் பெருக்குறது, டீ போடுறது, அட்டை அடுக்குறது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கலர் அட்டை. கணக்கு, பௌதிகம்னா வெள்ளை, மருத்துவம்னா மஞ்சள், கம்ப்யூட்டர் நீலம், இப்படி. முன்பக்கம் வார்த்தை. பின்பக்கம் அந்த வார்த்தையை வச்சு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம்.

அந்த வாக்கியம் சொல்றது நான்தான். பெருமைக்குச் சொல்லல. படிக்காத ஒருத்திக்கு வார்த்தை புரிஞ்சு, அவ வாயாலயே ஒரு வாக்கியம் வந்தாத்தான் அது அகராதிக்குள்ள போகணும்னு சார் முதல் தொகுதியிலயே சட்டம் போட்டுட்டாரு. கூட்டத்துல எல்லாம் "இதுக்குப் பேரு பஞ்சவர்ணம் சோதனை"ன்னு சொல்லுவாரு, எல்லாரும் கை தட்டுவாங்க. நான் சொன்னதுல ஒரு எழுத்து மாத்தக்கூடாதுங்கறதும் அவரு சட்டந்தான். உராய்வுன்னா என்னன்னு கேட்டாங்க. "புதுச் சம்பந்தி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தங்குறது"ன்னேன். ரெண்டாம் தொகுதியில அப்படியே இருக்கு.

சார் அட்டையோட முன்பக்கம் மட்டுந்தான் பாப்பாரு. "பின்பக்கம் உன் ராஜ்ஜியம்"பாரு. அச்சுல பாக்கும்போதும் ஒரு இரும்பு ஸ்கேலை வச்சு வலது பக்கத்தை மறைச்சுக்கிட்டு, இடது பக்கத்துல இருக்கிற வார்த்தையை மட்டும் ஒண்ணொண்ணா படிப்பாரு. கண்ணு அலையக்கூடாதாம்.

இன்னிக்கு அந்த ஸ்கேலை பாத்ரூம் ஜன்னல்ல வச்சுட்டேன். ஒரு மணி நேரம் தேடுனாரு. சின்னச் சந்தோசம். பத்தல.

ஜனவரி 9, செவ்வாய்

புது டைப்பிஸ்ட் வந்தாச்சு. தங்கப்பாண்டி அண்ணன். அறுபது வயசு, அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்த கை. ஜன்னலோரத்து நாற்காலியில உக்காரப் போனாரு. "அண்ணே, அது கால் ஆடும்"னு சொல்லி வேற நாற்காலியை இழுத்துப் போட்டேன். அண்ணன் குனிஞ்சு பாத்துட்டு, "நாலு காலும் கல்லு மாதிரி இருக்கே தங்கச்சி"ன்னாரு.

"உங்களுக்கு ஆடாது. எனக்கு ஆடும்"னேன்.

ஒரு மாதிரிப் பாத்துட்டு, நான் போட்டதுலயே உக்காந்துட்டாரு. நல்ல மனுசன்.

அந்த ஜன்னலைத் திறந்தா மொட்டை மாடித் தண்ணித் தொட்டி. சிமெண்டுத் தொட்டி, மூடி உடைஞ்சு ஒன்றரை வருசம் ஆச்சு. இப்போதைக்கு நான்தான் மேல ஒரு பேனரைக் கட்டி வச்சிருக்கேன். அஞ்சாம் தொகுதி வெளியீட்டு விழா பேனர். சார் மூஞ்சி ஆளுயரத்துக்கு வானத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கும். காக்காய்க்கு நல்ல வசதி.

ஜனவரி 11, வியாழன்

பொங்கல் லீவுக்கு முந்தி பீரோவைத் துடைச்சேன். பைலுக்குள்ள மூணு கடுதாசி. ஜூலையில ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. 'தட்டச்சு அறைக்கு வெளியே உள்ள தொட்டிக்கு மூடி இல்லை, கொசு அதிகமாக உள்ளது, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழ ரே.ன்னு சுழிச்ச கையெழுத்து. மூணு கடுதாசியிலயும் சார் பச்சை மையில ஒரே வரி எழுதியிருக்காரு: 'மூன்று விலைப்புள்ளிகள் பெறுக.'

மூணு கடையில விலை எழுதி வாங்கணும்னு அர்த்தம். எண்ணூறு ரூவா மூடிக்கு எந்தக் கடைக்காரன் எழுதிக் குடுப்பான்.

ஜனவரி 18, வியாழன்

வெக்டார் வந்துருச்சு.

பொங்கல் முடிஞ்சு தபால்ல வெளியூர்ப் பேராசிரியருங்க அனுப்பின அட்டையை எல்லாம் பிரிச்சேன். ஒரே வார்த்தைக்கு அஞ்சு கலர். அஞ்சு வர்ணமும் பஞ்சவர்ணத்துக்கிட்டயே வந்துட்டுச்சேன்னு தங்கப்பாண்டி அண்ணன் சிரிச்சாரு.

சாருக்கும் டாக்டரம்மாவுக்கும் சண்டை ஆரம்பம். டாக்டரம்மா பேரு ஜெபமாலை. மருத்துவக் கல்லூரியில பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவங்க, வாரத்துல மூணு நாள் வருவாங்க.

"ஒரு சொல்லுக்கு ஒரு சொல். கணிதத்தில் திசையன் என்றால் எல்லாத் துறைக்கும் திசையன்தான்"னாரு சார்.

"அப்ப டெங்குக் கொசுவையும் திசையன்னு சொல்லணுமா சார்?"

"கொசுவும் ஒரு திசையில்தானே அம்மா போகிறது."

"அது ரத்தம் இருக்கிற திசையில போகும். உங்க அம்புக்குறி போடுற திசையில போகாது."

நான் டீயை வச்சேன். சார் என்னைப் பாத்து, "நீ சொல்லு பஞ்சவர்ணம், கொசுவுக்கு எதுக்குத் தனியாக ஒரு பெயர்?"னு கேட்டாரு.

"எனக்கென்ன சார் தெரியும். கடிச்சா அரிக்கும்"னேன்.

சிரிச்சாரு. டம்ளரை அவரு பக்கம் நகத்துனேன். டம்ளர்ல இருந்த டீ கொஞ்சம் சாருடைய வெள்ளை அட்டையில சிந்திருச்சு. வேணும்னு செய்யல. இதை மட்டும் வேணும்னு செய்யல.

ஜனவரி 19, வெள்ளி

டாக்டரம்மா ஜெயிச்சுட்டாங்க. கொசுவுக்கு நோய்க்காவி. நோயைக் காவிக்கிட்டுப் போறது. ஆனா சார் விடுவாரா. மருத்துவப் பொருளைக் கடைசிக்குத் தள்ளி, ஒண்ணாவது திசையன், அஞ்சாவது நோய்க்காவின்னு வரிசை போட்டுட்டாரு. நான் மனசுக்குள்ள, ரொம்ப நல்லது சார், கடைசியில வர்றதுதான் நாக்குல நிக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஏன் அப்படி நினைச்சேன்னு எனக்கே தெரியல.

ஜனவரி 24, புதன்

நாலு அட்டைக்கு வாக்கியம் சொல்லியாச்சு. அட்டை அனுப்பின பேராசிரியரு ஒவ்வொருத்தரும் போன்ல விளக்குனாங்க, நான் சொன்னதை அண்ணன் எழுதிக்கிட்டாரு.

வெள்ளை: பஸ் ஸ்டாண்டு ரெண்டு கிலோமீட்டர்னு மட்டும் சொன்னா ஆளு ஊரைச் சுத்துவான், கிழக்கே ரெண்டு கிலோமீட்டர்னு சொன்னாத்தான் போய்ச் சேருவான், அது திசையன்.

ரோஸ் அட்டை ஏரோப்பிளேன்காரங்களோடது. கீழ டவர்ல இருக்கிறவரு மேல ஓட்டுறவருக்கு இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் போன்னு சொல்றதும் வெக்டாராம். வீட்டுல பொண்டாட்டி சொல்ற மாதிரி, ஆனா இதை ஓட்டுறவரு கேப்பாருன்னு சொன்னேன்.

நீலம்: கட்சிக் கொடியை விசிட்டிங் கார்டுலயும் போடலாம், தெருவை அடைக்கிற பேனர்லயும் போடலாம், ஓரம் உடையாம இருந்தா அது வெக்டார் படம்.

பச்சை, மரபணு ஆராய்ச்சிக்காரங்களோடது: ஒரு வீட்டுச் சீர்வரிசையை இன்னொரு வீட்டுக்குள்ள கொண்டுபோய் இறக்குற வண்டி மாதிரி, ஒரு உயிரோட குணத்தை இன்னொரு உயிருக்குள்ள கொண்டுபோய் இறக்குறது.

எப்படித்தான் ஒரே பேரை வச்சுக்கிட்டு இத்தனை வேலை பாக்குதோ. எங்க தெருவுல ஒருத்தரு இருக்காரு, பிளம்பர், தரகர், சாமியாடி எல்லாம் அவரேதான்.

மஞ்சள் மட்டும் பாக்கி.

ஜனவரி 29, திங்கள்

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "அந்தக் கொசுவுக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டரம்மா? அம்புட்டு நோயைச் சுமந்துக்கிட்டுத் திரியுதே."

"அதுக்குக் காய்ச்சல் வராது. அது பாட்டுக்கு இருக்கும். தாங்குறது கடி வாங்குனவங்கதான்."

அட்டையை எடுத்துட்டு வந்துட்டேன். கொசுவுக்கு ஒண்ணும் ஆகாது. கையெழுத்துப் போடாதவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. பச்சை மைப் பேனா சட்டைப்பையில அப்படியே இருக்கு.

மஞ்சள் அட்டைப் பின்பக்கத்தை நானே எழுதினேன். இதுவரைக்கும் நான் சொல்லித்தான் பழக்கம், எழுதிப் பழக்கம் இல்ல. நாலு வரி வந்துச்சு. சார் பேரு ரெண்டு தடவை வந்துச்சு. 'கொன்னுட்டாரு'ன்னு முடிச்சேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

மஞ்சள் அட்டைன்னா டாக்டரம்மா கையெழுத்து வேணும். அவங்க சார் மாதிரி இல்ல, ரெண்டு பக்கமும் படிப்பாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கட்டுக்கு நடுவுல சொருகி வச்சேன்.

எடுத்துட்டாங்க. படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டுனாங்க.

"பஞ்சவர்ணம், கதவைச் சாத்திட்டு வா."

சாத்துனேன். திட்டுவாங்க, கிழிச்சுப் போடுவாங்கன்னு நின்னேன். பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடிச்சாங்க. இன்னொண்ணை அடிச்சாங்க.

"இது உன் கோவம். வாக்கியம் இல்ல. அந்தத் தொட்டிக் கொசுதான் கடிச்சிச்சுன்னு நீ பாத்தியா?"

"இல்ல."

"தொட்டியில புழு இருந்துச்சுன்னு சுகாதார ஆய்வாளர் எழுதிக் குடுத்தாரு. அதைச் சொல்லலாம். மூணு கடுதாசி இருக்கு. அதைச் சொல்லலாம். அவ செத்த தேதி இருக்கு. அதைச் சொல்லலாம். நடுவுல நீ ஒண்ணும் சொல்லாத. படிக்கிறவங்க சேத்துக்குவாங்க."

"சார் பேரு?"

"வேணாம். பேரைப் போட்டா அச்சாபீஸ்ல எவனாவது கண்டுபிடிச்சுருவான்."

அப்பத்தான் அவங்க எந்தப் பக்கம்னு எனக்குப் புரிஞ்சுச்சு. மூணு தடவை திருத்துனாங்க. கடைசியில ரெண்டே ரெண்டு வரி நின்னுச்சு. கீழ கையெழுத்துப் போட்டாங்க.

"உங்களுக்கு எதுக்கு டாக்டரம்மா இந்த வம்பு?"

"அந்தத் தொட்டி பக்கத்துல நின்னு எத்தனை நாள் டீ குடிச்சிருக்கேன். டாக்டரு. பாத்துட்டுப் பாத்துட்டு சும்மா வந்தேன்"னாங்க. அப்புறம், "டீ கொண்டா. சக்கரை கொஞ்சம் தூக்கலா"ன்னாங்க.

பிப்ரவரி 6, செவ்வாய்

சார் அஞ்சு அட்டையும் முன்பக்கம் பாத்து, அஞ்சுலயும் பச்சை மையில கையெழுத்துப் போட்டாரு. திருப்பல.

அது முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டாரு. பதினோரு வருசமா தினக்கூலியாவே இருக்கேனாம், இந்தத் தொகுதி வெளிவந்ததும் நிரந்தரத்துக்கு எழுதறேன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு. சளி பிடிச்சிருந்துச்சு எனக்கு, ஆவி பிடிக்கச் சொன்னாரு. அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ லேசா இருந்திருக்கும்.

வெளிய வந்து மாடியில நின்னேன். அட்டையைத் திருப்பி வாங்கிறலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. நிரந்தரம்னா பென்சன் உண்டு.

நவம்பர் பதினாறாம் தேதி ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு, ரத்தத்துல தட்டணு குறையுது, வாங்கன்னு. அரை நாள் லீவு கேட்டேன். "யூ எழுத்து மட்டும் இன்று முடிந்துவிடட்டும் பஞ்சவர்ணம், அட்டையெல்லாம் உனக்குத்தானே தெரியும்"னு இதே குரல்ல, இதே மாதிரி தன்மையாத்தான் சொன்னாரு. முடிச்சுட்டுத்தான் போனேன். நான் போய்ச் சேருறதுக்குள்ள ரேணுகாவுக்குப் பேச்சு நின்னுருச்சு.

பேனரை இறுக்கிக் கட்டிட்டு உள்ள வந்துட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அண்ணன் டைப் அடிச்சு முடிச்சாரு. "அண்ணே, எல்லாம் சரியா?"ன்னு கேட்டேன்.

"நாப்பது வருசம் கோத்த ஆளு தங்கச்சி நான். எழுத்தைத்தான் பாப்பேன், என்ன சொல்லுதுன்னு பாக்க மாட்டேன்"னாரு.

போகும்போது ஜன்னலோரத்து நாற்காலியை ஒரு துணியால துடைச்சு வச்சுட்டுப் போனாரு.

பிப்ரவரி 20, செவ்வாய்

சார் அச்சைப் பாத்தாரு. ஸ்கேலை நானே தேடி எடுத்துக் குடுத்தேன். பளபளன்னு துடைச்சு.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஐந்நூறு பிரதி வந்து இறங்கிருச்சு. நாலு மாடி தூக்கியாச்சு. முதுகு போச்சு. பக்கம் இருநூத்தி பதினாலு.

மார்ச் 6, புதன்

விழா.

கீழ் ஹால்ல இருநூறு பேரு. கல்லூரிப் பிள்ளைங்க, வாத்தியாருங்க, துணைவேந்தர். நான் மாலைத் தட்டோட மேடை ஓரத்துல. நீலப் புடவை, அவ எடுத்துக் குடுத்தது.

ஒவ்வொரு தொகுதி வெளியீட்டுலயும் சார் ஒரு வார்த்தையை எடுத்து முழுசாப் படிச்சுக் காட்டுவாரு. அது அவரு வழக்கம். எந்த வார்த்தையை எடுப்பாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் சண்டை போட்டு முதல் இடம் பிடிச்ச வார்த்தையை விடுவாரா.

"ஒரே சொல், ஐந்து துறை, ஐந்து பொருள். பஞ்சவர்ணம் சோதனை என்றால் என்ன என்று இப்போது பார்க்கப் போகிறீர்கள்"னு மைக்கைப் பிடிச்சாரு.

ஒண்ணு படிச்சாரு. சிரிப்பு. ரெண்டு, பொண்டாட்டி வந்ததும் ஹாலே சிரிச்சுச்சு. துணைவேந்தரே தொடையில தட்டிச் சிரிச்சாரு. மூணு. நாலு. சார் முகம் பூரிச்சுப் போயிருந்துச்சு. சிரிப்பு அடங்கட்டும்னு கொஞ்சம் நின்னுட்டு, அஞ்சாவதைக் கணீர்னு எடுத்தாரு.

"நோய்க்காவி. மூடி இல்லாத மாடித் தொட்டியில் நோய்க்காவிக் கொசு முட்டை இட்டது. மூடி கேட்டு மூன்று கடிதம் எழுதிய ரேணுகா, நவம்பர் பதினேழாம் தேதி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள்."

முன்வரிசையில ஒண்ணு ரெண்டு பேரு பழக்க தோசத்துல சிரிச்சு நிறுத்துனாங்க.

சார் இன்னொரு தடவை மனசுக்குள்ள படிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனாரு, மைக்கோட.

"யார் பஞ்சவர்ணம் இந்த ரேணுகா?"

நான் எத்தனையோ யோசிச்சு வச்சிருந்தேன். வெளுத்துப் போவாரு, வேர்க்கும், புஸ்தகம் கையில இருந்து விழும்னு. இதை யோசிக்கல. நாலு வருசம் அந்த ஜன்னலோரத்துல உக்காந்து அவரு எழுதுனதை எல்லாம் டைப் அடிச்சவ. டைப்பிஸ்ட், டைப்பிஸ்ட்னே கூப்பிட்டு, பேரு தெரியாமலே போயிருச்சு.

"என் மக சார்"னேன்.

மைக் வேணும்னே தோணல. ஹால் கடைசி வரைக்கும் கேட்டிருக்கு.

தலை குனிஞ்சாரு. புஸ்தகத்தைப் பாக்குற மாதிரி குனிஞ்சு, அப்படியே இருந்தாரு. துணைவேந்தர் எந்திரிச்சு, எந்தத் தொட்டி, எந்தக் கடுதாசின்னு கேட்டாரு. டாக்டரம்மா கைப்பையில இருந்து மூணு நகலை எடுத்துக் குடுத்தாங்க. அவங்க அதைக் கொண்டு வந்திருக்காங்கன்னு எனக்கே தெரியாது.

தட்டுல மாலை அப்படியே இருந்துச்சு. யாருக்கும் போடல.

மார்ச் 7, வியாழன்

மூடி வந்துருச்சு. காலையில பத்து மணிக்கே. இரும்பு மூடி, பூட்டோட. விலைப்புள்ளி ஒண்ணும் வாங்கலயாம். எண்ணூறு ரூவாகூட இல்ல, அறுநூத்தி எம்பதுதான்.

பேனரைக் கழட்டினேன். மடிச்சு வச்சிருக்கேன்.

நேத்தே மூடியிருக்கணும் இந்த டைரியை. மூடல. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கிற மாதிரி இருந்துச்சு.

மார்ச் 11, திங்கள்

சார் இன்னிக்குத்தான் வந்தாரு. துணைவேந்தர் விசாரணைக்கு ஆள் போட்டிருக்காரு. நிரந்தரத்துக்கான என் தாளைக் காணோமாம். பரவால்ல.

என்னை நேராப் பாக்கல. மேசையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "பக்கம் இருநூற்றுப் பதினான்கில் ஒரு திருத்தம். வேறு வாக்கியம் அச்சடித்துத் தருவார்கள். ஐந்நூறு பிரதியிலும் ஒட்டிவிடு."

அட்டை ஒட்டுறது, தாள் ஒட்டுறது எல்லாம் என் வேலைதான். மாட்டேன்னு சொல்ல முடியாது.

"ஒட்டிருவோம் சார்"னேன். "கோந்து இல்லையே."

"வாங்கிக்கொள்."

"ஐந்நூறு பிரதிக்கு நிறைய ஆகும் சார். ஆபீஸ் சாமான். நீங்க போட்ட விதி இருக்கு." பைலைத் திறந்து அவரு முன்னாடி வச்சேன். கோந்து கேட்டு ஒரு கடுதாசி எழுதியிருந்தேன், என் கையெழுத்துல, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்னு முடிச்சு. அதுக்கு முந்தின தாள்ல, ரேணுகாவோட அக்டோபர் மாசத்துக் கடுதாசி. பச்சை மை தெரியுற மாதிரி.

ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. பேனாவைத் திறந்தாரு. மூடுனாரு. மறுபடி திறந்து, என் கடுதாசியில எழுதுனாரு: மூன்று விலைப்புள்ளிகள் பெறுக.

எடுத்துட்டு வெளிய வந்தேன். தங்கப்பாண்டி அண்ணன் கல்லூரிகளுக்குப் போக வேண்டிய பார்சலைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. மூணு கடைக்காரனும் எழுதிக் குடுக்க எப்படியும் ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள புஸ்தகம் எல்லாம் ஊர் ஊராப் போயிரும். நான் அவசரப்படுத்தப் போறது இல்ல.

"இன்னிக்கு எத்தனை பார்சல்ணே?"

"நாப்பது. நாளைக்கு அறுபது."

"கயிறை நல்லா இறுக்கிக் கட்டுங்க"ன்னு சொல்லிட்டு, ஜன்னலோரத்து நாற்காலியில போய் உக்காந்தேன். ஆடல. அதுல உக்காந்துதான் இதை எழுதுறேன்.